காரைக்குடியிலிருந்து பினாங்குத் தைப்பூசத்துக்கு: விசா விலக்கும் பயண ஏற்பாடுகளும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலேயே மலேசியாவுக்குச் சென்று 30 நாள்கள் வரை தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் நம் பக்கத்து ஊர்களில் பலர், டிக்கெட் எடுத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசா விலக்கு என்பது விசாரணை விலக்கு அன்று. முன்பு விசா விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்கள் பார்த்த அத்தனை விவரங்களையும் இப்போது கோலாலம்பூர் விமான நிலையத்தின் கவுண்டரில் இருக்கும் குடிநுழைவு அதிகாரி பார்க்கிறார். விசா மறுக்கப்பட்டிருந்தால் வீட்டில் இருந்தபடியே வருத்தப்பட்டிருக்கலாம். கவுண்டரில் மறுக்கப்பட்டாலோ விமான நிலையத்திலேயே காத்திருந்து, கிடைக்கும் விமானத்தில் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே விசாவுக்கு ஆயத்தமாவதைப் போலவே இந்தப் பயணத்துக்கும் ஆயத்தமாக வேண்டும் என்பதை முன்வைத்தே கீழுள்ள குறிப்புகளை எழுதுகிறேன். சலுகையின் கடைசித் தேதிக்குப் பிறகு பயணம் செய்யத் திட்டமிடுவோர், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அப்போதைய நிலையைப் பார்த்துவிட வேண்டும். சலுகை இல்லையென்றால் இணையவழி விசா எடுத்தாக வேண்டும்.

பாஸ்போர்ட்

மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். தைப்பூசத்துக்குப் போவதாக இருந்தால் ஆடி மாதத்திலேயே வீட்டில் உள்ள அனைவருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டணம். தட்கல் முறையில் மேற்கொண்டு 2,000 ரூபாய் ஆகும்.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால் அலுவலகக் குழப்பம் இங்கே வழக்கமாக வருவதுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகியவை சிவகங்கை மாவட்டத்தில் இருப்பதால் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. ராயவரம், ராங்கியம், அரிமளம், பொன்னமராவதி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம் என்பதால் திருச்சியின் கீழ் வருகின்றன. இப்போது நாட்டின் எந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தும் விண்ணப்பிக்கலாம் என்பதால் இந்த எல்லை முன்போல் கட்டாயமில்லை. கவனிக்க வேண்டியது முகவரியைத்தான். ஊரில் பெரிய வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ குடியிருப்பவர்கள், ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறது என்பதற்காக அதையே தற்போதைய முகவரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். போலீஸ் விசாரணைக்கு வருபவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, விண்ணப்பதாரர் இங்கே வசிக்கவில்லை என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இன்று எங்கே குடியிருக்கிறீர்களோ அதுவே தற்போதைய முகவரி. அதற்குரிய சான்றை முதலில் தயார் செய்துகொண்டு பிறகு விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது பெயர். அப்பச்சி, ஐயா என்று தலைமுறைகளைத் தாங்கி நிற்கும் விலாச எழுத்துகள் கல்யாணப் பத்திரிகையில் அழகாக இருக்கும்; பாஸ்போர்ட்டில் அவற்றுக்கு இடமில்லை. ஊரில் ‘ராம.கரு.சொக்கலிங்கம்’ என்று அறியப்படுபவர் பாஸ்போர்ட்டில் வெறும் ‘சொக்கலிங்கம்’ என்று இருக்கலாம், அல்லது தந்தையின் பெயரும் சேர்ந்து இரண்டு பெயர்களாக இருக்கலாம். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துக் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், டிக்கெட் படிவத்தில் இரண்டு கட்டங்களையும் எப்படி நிரப்புவது என்பதில் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். அதே பெயரை இரு கட்டங்களிலும் எழுதச் சொல்பவர்களும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் டிக்கெட் வந்த பிறகு பெயரைத் திருத்துவதற்கு ஆகும் செலவு சில சமயம் டிக்கெட் விலையை எட்டிவிடும். ஆச்சிமார்களுக்குச் சாதகக் குறிப்பில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொரு தேதி என்று இருப்பது அதிசயமில்லை. சாதகம் எங்கும் செல்லாது; ஆதாரும் பான் அட்டையும் ஒத்துப்போகும்படி முதலில் சரிசெய்துகொண்டு பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ‘ஈ.சி.ஆர்.’ எனப்படும் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அந்த வகையினர் வேலைக்காகச் சென்றால் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கோயிலுக்கும் சுற்றிப் பார்க்கவும் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆயினும் திருச்சியிலேயே நம் நாட்டு அதிகாரி திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் கேட்கக்கூடும் என்பதால் அவை கையில் இருக்க வேண்டும். 50 வயது கடந்தவர்களும் வருமான வரி கட்டுபவர்களும் இந்த வகையிலிருந்து விலக்குப் பெறலாம். புதுப்பிக்கும்போதே உரிய சான்றைக் காட்டி அதைச் செய்துகொள்வது நல்லது. ‘விசா இல்லாமல் போய் இறங்கு, வேலைக்கான அனுமதியை அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது ஏஜெண்டு சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும். 30 நாள் அனுமதி வருகையாளருக்கு உரியது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்வதும் நாள் கடந்து தங்குவதும் குற்றம், அபராதம், சிறை, நாடுகடத்தல் வரை போகும்.

வருகை அட்டையும் கவுண்டரும்

விசாவுக்கு விலக்கு உண்டு, ‘எம்டிஏசி’ எனப்படும் மின்னிலக்க வருகை அட்டைக்கு விலக்கு இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து இது கட்டாயம். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில், இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் நிரப்ப முயன்றால் தளம் ஏற்காது. கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களுள் சில, அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கின்றன. பணம் கேட்டாலே அது தவறான கதவு என்று புரிந்துகொள்ளலாம்.

படிவம் நீளமானதன்று. பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி, மின்னஞ்சல், கைபேசி எண் ஆகியவை முதல் பாதி. வந்து சேரும் தேதி, திரும்பும் தேதி, விமான எண், கடைசியாக ஏறும் இடம், மலேசியாவில் தங்கும் முகவரி, மாநிலம், நகரம், அஞ்சல் குறியீடு ஆகியவை அடுத்த பாதி. இங்கே மூன்று இடங்களில் விரல் தயங்கும். விமான எண் என்பது நிறுவனத்தின் எழுத்துகளும் எண்களும் சேர்ந்தது; ஆறெழுத்து முன்பதிவுக் குறியீட்டை அங்கே எழுதக் கூடாது. நள்ளிரவு நெருங்கத் திருச்சியில் புறப்படும் விமானம் மறுநாள்தான் இறங்கும் என்பதால், வந்து சேரும் தேதியாக இறங்கும் நாளையே எழுத வேண்டும். மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தங்குமிடம் என்ற கட்டத்தில் முதல் இரவு எங்கே தங்குகிறீர்களோ அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, தனித்தனியே நிரப்ப வேண்டும். ஆச்சிக்கும் ஐயாவுக்கும் மின்னஞ்சல் இல்லையென்றால் பேரப்பிள்ளைகளின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, வரும் பதிலைத் தாளில் அச்செடுத்து அவரவர் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட வேண்டும். கைபேசியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் கைபேசியை வைத்திருப்பவர் வேறு வரிசையில் நிற்பார்.

கவுண்டரில் கேட்பவை எளிய கேள்விகள்தாம்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்குப் பணம் உண்டா, எப்போது திரும்புகிறீர்கள். பதில் சொல்வதைவிடப் பதிலைத் தாளாகக் காட்டுவதே விரைவில் முடியும். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, வங்கிக் கணக்கின் சமீபத்திய விவரம், கையில் சிறிது ரிங்கிட், ஒரு வங்கி அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர் வீட்டில் தங்குபவர்கள், அழைப்புக் கடிதம் ஒன்றையும் அவருடைய அடையாள அட்டையின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்வதோடு, இறங்கும் நேரத்தில் அவர் தொலைபேசியை எடுக்கும்படி சொல்லிவைக்கவும் வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனி வரிசையில் நின்று ஒருவர் பத்து நாள் என்றும் மற்றவர் பதினைந்து நாள் என்றும் சொல்வது வேண்டாத சந்தேகத்தைக் கிளப்பும். விமானத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துச் சென்றால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் உடன் இருப்பது நல்லது. கைரேகை பதிந்து முத்திரை வைத்துக் கொடுத்ததும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் தேதியைப் படித்துப் பாருங்கள்.

பணம்

ரிங்கிட்டை ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற மாற்றுநரிடமோ வங்கியிலோ வாங்கி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்; 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரையே வெளியே எடுத்துச் செல்லலாம். வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். புறப்படுவதற்கு முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் குறித்துவிட வேண்டும். ஓட்டல் முன்பதிவின்போது முழுத் தொகையும் கட்டியிருந்தாலும், வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரியாக ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் அங்கே தனியாக வாங்குவார்கள். அது ஏமாற்று அன்று.

பெட்டியில் எது போகலாம்

நம் வீடுகளில் பாஸ்போர்ட்டைவிடப் பெட்டிக்குத்தான் அதிக நேரம் ஆகிறது. அங்கே இருக்கும் உறவுக்காரர்களுக்குத் தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் என்று டின் டின்னாகக் கட்டுவது தலைமுறை வழக்கம். எண்ணெயில் பொரித்து உலர்ந்த பலகாரங்களால் தொல்லை வருவதில்லை. உள்ளே என்ன என்று தெரியும்படி கண்ணாடித்தாள் பையில் அடைத்து, அதன்பின் டப்பாவில் வைத்தால் திறந்து காட்டுவது எளிது. ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. நன்றாக அடைத்துச் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைப் பதியன், மண் ஒட்டிய கிழங்கு, பச்சைக் காய்கனி, இறைச்சி ஆகியவற்றை இங்கேயே விட்டுவிடுங்கள். தாவரங்களையும் இறைச்சியையும் உரிய அனுமதியின்றிக் கொண்டுபோவது அங்கே சட்டப்படி தவறு.

கோயிலுக்குப் போகும் பெட்டியில் இரண்டு பொருள்கள் தவறாமல் ஏறிவிடுகின்றன. ஒன்று கற்பூரம், மற்றொன்று கொப்பரைத் தேங்காய். இரண்டுமே எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். தீப்பெட்டியையும் பெட்டியில் வைக்க முடியாது. இவற்றைப் பினாங்கின் லிட்டில் இந்தியாக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம், ஊரிலிருந்து சுமந்து போக வேண்டியதே இல்லை. விபூதியை வெள்ளைப் பொடியாக ஒரு பொட்டலத்தில் கட்டிக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் ஒரு கதை சொல்ல வேண்டிவரும். கோயில் பெயர் அச்சிட்ட பொட்டலமாகச் சரக்குப் பெட்டியில் வைத்தால் அந்தக் கதைக்கு வேலையில்லை.

மாத்திரைகளை டாக்டர் சீட்டுடன், பிரிக்காத பட்டையிலேயே, பயண நாள்களுக்கு வேண்டிய அளவுடன் சில நாள்களுக்குக் கூடுதலாகவும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாராந்திர டப்பாவில் பிரித்துப் போட்டால் எது என்னவென்று சொல்ல முடியாது. மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. மரண தண்டனை கட்டாயம் என்ற விதி 2023இல் நீக்கப்பட்டபோதும் தண்டனைப் பட்டியலிலிருந்து அது போய்விடவில்லை. ஆகவே அடுத்தவர் நீட்டும் பொட்டலம் எதையும், நமக்குத் தெரிந்தவரின் தெரிந்தவர் கொடுத்தாலும், வாங்கிப் பெட்டியில் போடக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகும். அங்கே சுவரில் இருப்பது தட்டையான மூன்று முனை கொண்ட பிரிட்டிஷ் வகைப் பிளக் என்பதால் அதற்கான அடாப்டர் ஒன்று தேவை.

திருச்சியிலிருந்து பினாங்கு வரை

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி, நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்கில் இறங்கிச் செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கிய கிட்டங்கியில் பாயை விரித்த ஐயாக்களின் பயணத்துக்கு இன்று ஏறத்தாழ நான்கு மணி நேரம் போதும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடிச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் விலையை ஒப்பிட்டுப் பார்த்து, அந்தச் சேவை அப்போது ஓடினால், அதைப் பரிசீலிக்கலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் இருப்பதை மறக்கக் கூடாது. ஏர் ஆசியா இரண்டாம் முனையத்திலும் பாத்திக் ஏர் முதல் முனையத்திலும் இறங்குகின்றன. வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்துப் பினாங்குக்கு மாறுபவர்கள், குடிநுழைவு வரிசையையும் பெட்டி எடுக்கும் நேரத்தையும் முனையம் மாறும் நேரத்தையும் கணக்கிட்டு, இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும் என்பது என் கருத்து. ரயிலை விரும்புபவர்கள் விமான நிலைய விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலை அடைந்து, அங்கிருந்து இ.டி.எஸ். எனப்படும் மின்சார விரைவு ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பயணம் செய்து பட்டர்வொர்த்தில் இறங்கி, படகில் கடலைக் கடந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் போகலாம். தைப்பூச வாரத்தில் இந்த ரயிலில் இடம் கிடைப்பது அரிது. முன்பதிவு திறந்தவுடனே எடுத்துவிட வேண்டும்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள்களை ஒதுக்கித் திட்டமிட வேண்டும். பூசத்துக்கு முந்தைய நாள் அதிகாலையில் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, வழிநெடுகச் சிதறு தேங்காய் வரவேற்போடு, தண்ணீர்மலையில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்கு மெதுவாகப் போய்ச் சேரும். பூசம் முடிந்த மறுநாள் திரும்பும். காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் கடல் கடந்த ரதம் அது. 2017 முதல், மேலே மலையில் உள்ள முருகன் கோயிலான மலைக்கோயிலின் நிர்வாகத்தின் தங்க ரதமும் வருவதால், எந்த ரதம் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரதம் போகும் தெருவில் தங்கினால் அன்று கார் உள்ளே வராது, தெருவெல்லாம் தேங்காய் ஓடு கிடக்கும். வெறுங்காலோடு நடப்பவர்கள் பார்த்து நடக்க வேண்டும். மலைக்கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள்; மூட்டுவலிக்காரர்கள் கீழே செட்டியார் கோயிலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் வீடுகளில் இரண்டும் ஒரே நாளில் வருவதால், யார் எங்கே போவது என்பதை முன்பே முடிவு செய்யாமல் டிக்கெட் எடுத்துவிட்டு வருந்துவது ஆண்டுதோறும் நடக்கிறது.

அங்கிருந்தபடியே சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள், மலேசியச் சலுகை சிங்கப்பூருக்குப் பொருந்தாது என்பதை அறிய வேண்டும். சிங்கப்பூர் விசாவைப் புறப்படுவதற்கு முன்பே அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக எடுத்து, அந்நாட்டு வருகை அட்டையையும் தனியே நிரப்ப வேண்டும். மீண்டும் மலேசியாவுக்குள் வந்தால் எம்டிஏசியும் மறுபடி வேண்டும். குருமாவுக்கு அரைக்கும் கசகசா சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் என்பதால், மசாலாப் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட வேண்டும். வெற்றிலைப் பெட்டி வைத்திருப்பவர்கள் புகையிலையையும் எடுத்துவிட வேண்டும். வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை உண்டு.

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் முத்திரைப் பக்கத்தையும் படமெடுத்து வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைத்திருங்கள். தொலைந்துபோனால் உள்ளூர்ப் போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும்; கையில் நகல் இருந்தால், பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப உதவும் அவசரச் சான்றிதழைப் பெறுவது எளிதாகும்.

திருவிழாவுக்குப் போகும்போது ஆச்சிமார்கள் கழுத்திலும் கையிலும் நிறையப் போட்டுக்கொண்டு போவது இயல்பு. அப்படிப் போவதானால், திருச்சியில் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். நகை மதிப்பீட்டாளர் கொடுத்த எடைச் சீட்டும் படமும் உடன் இருந்தால் வேலை விரைவில் முடியும், அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே போக வேண்டும். பத்து நாள் பயணம் போய்த் திரும்புபவருக்குத் தங்கத்தில் தனி வரிச் சலுகை கிடையாது. வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கியவர்களுக்கே அது உண்டு. சான்றிதழ் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது அந்த நகை இங்கிருந்து போனதுதான் என்பதைச் சுங்க அதிகாரியிடம் நிரூபிக்கும் பாரம் போட்டிருப்பவரையே சேரும்.